ஆத்தா பாட்டு கேட்காத மதியம்

போன வருடம் ஆடி மாதம். மதுரை பழங்காநத்தத்தில் ஒரு சின்ன பிராட்பேண்ட் நிறுவனத்தில் நெட்வொர்க் என் பொறுப்பு. ஆடி பிறந்ததிலிருந்து பரவையில் ஒரு தெருவில் மட்டும் நெட் போவதும் வருவதுமாக இருந்தது. நாங்கள் போய்ப் பார்த்தால் நல்ல பிள்ளையாக ஓடும்.

அந்தத் தெருவிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். வயலில் கூலி வேலை பார்க்கும் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர்.

"அண்ணே, நாளான்னைக்கு மதியம் ஆன்லைன்ல இன்டர்வியூ. போன தடவை பேசிக்கிட்டிருக்கும்போதே கட்டாகி வேலை கைவிட்டுப் போச்சு. இதையும் விட்டா வேற ஒண்ணு எப்ப வரும்னு தெரியலண்ணே."

அன்றே ஆபீஸ் லினக்ஸ் சர்வரில், நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஒன்றை நிறுவ உட்கார்ந்தேன். முகம் தெரியாத யார் யாரோ எழுதி, காசு வாங்காமல் உலகத்துக்கே கொடுத்தது. கட்டளைகளை எல்லாம் அடித்து முடித்தால் வெறும் வெள்ளைப் பக்கம்தான் வந்தது. தலையைப் பிய்த்துக்கொண்டு தேடினேன். பாஸ்வேர்டில் ஓர் எழுத்தை விட்டிருக்கிறேன்!

திருத்தியதும் திரையில் மதுரையே விரிந்தது. மாட்டுத்தாவணி, பழங்காநத்தம், பரவை என்று தெருவுக்கு நெட்டைப் பிரித்துவிடும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பச்சைக் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. இத்தனை வருடம் கட்டி மேய்த்தும் எங்கள் நெட்வொர்க்கை நான் முழுசாகப் பார்த்ததே இல்லை.

மறுநாள் அந்தத் தெருவின் கோடு மட்டும் காலை, மதியம், மாலை என்று அறுந்து அறுந்து வந்தது. கரண்ட் போயிருந்தால் பக்கத்துப் பெட்டிகளும் சேர்ந்து படுத்திருக்கும். அப்படியானால் யாரோ பிளக்கைப் பிடுங்குகிறார்கள். அந்தப் பெட்டி இருப்பது ஓர் அம்மன் கோயிலின் சாமான் அறையில். அப்போதுதான் உறைத்தது. ஆடி மாதம், மூன்று வேளைப் பூஜை, ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டுப் போட ரேடியோ செட்! எங்கள் பிளக்கைப் பிடுங்கி அதைச் சொருகிவிட்டு, பாட்டு முடிந்ததும் பொறுப்பாகத் திரும்பச் சொருகியும் வைத்திருக்கிறார்கள்.

இன்டர்வியூ அன்று எக்ஸ்டென்ஷன் பாக்ஸோடு ஓடினேன். பழைய வயரிங். பெட்டி, ரேடியோ செட் இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஃபியூஸ் போனது. மாற்றி முடிப்பதற்குள் மதியப் பூஜை நெருங்கிவிட்டது. பூசாரியிடம் அந்தப் பெண்ணின் நிலைமையைச் சொன்னேன்.

"இம்புட்டு நாளா நம்ம பாட்டுதான் அந்தப் பிள்ளைக்கு இடைஞ்சலா?" என்று பதறிப்போனார். ரேடியோ செட் வயரைச் சுருட்டி ஓரமாக வைத்தார். "ஆத்தா தினமும் கேக்குறவதான். இன்னைக்கு ஒரு நேரம் பாட்டில்லாம இருந்துக்கிருவா. உங்க பெட்டியைச் சொருகுங்க தம்பி."

மணிச்சத்தம் மட்டும் கேட்க, தீபாராதனை நடந்தது. கோயில் வாசலில் நின்று செல்போனில் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூஜை நேரத்தைத் தாண்டி அறுபடாமல் போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது. கோயிலுக்குத் தனி வயர் இழுத்துக் கொடுத்தோம். இப்போது பாட்டும் நெட்டும் ஒன்றாகவே ஓடுகின்றன. ஆனாலும் திரையில் பரவைக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம், முகம் தெரியாதவர்கள் கொடுத்த மென்பொருளும் ஆத்தா விட்டுக்கொடுத்த ஒரு வேளைப் பாட்டும் சேர்ந்துதான் அதை அன்று அறுபடாமல் காத்தன என்று என் கை தானாகக் கும்பிடுகிறது.