இரண்டே முக்கால் வண்டிக்கு முன்

ஆர்ச்சி மெல்ட்ரம் ஒடாகோ மாகாணத்துக்காக ஆறு வருடத்தில் ஏழு ஆட்டம் ஆடியிருந்தான். அவன் மனைவி எல்ஸ்பெத் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. முப்பத்திரண்டு மாடுகளுக்குக் கிறிஸ்துமஸும் தெரியாது, கிரிக்கெட்டும் தெரியாது. புருஷன் மட்டையோடு டனீடின் நகரத்துக்குப் போனால் பெண்டாட்டிதான் கறக்க வேண்டும்.

"நீ நல்லா ஆடுறேன்னு ஊரே சொல்லுது. எனக்கென்ன தெரியும்? வாளியைத்தானே பாக்குறேன்," என்பாள்.

"பாத்தா ஏமாந்துருவ," என்பான் அவன்.

1931 கிறிஸ்துமஸ் ஆட்டத்தின்போது அவள் பிடிவாதம் பிடித்தாள். காலைக் கறவையை முடித்து, கையில் பால் வாசம் போகாமலேயே ரயிலேறினாள். இரண்டே முக்கால் வண்டியைப் பிடித்தால்தான் மாலைக் கறவை. அது தவறினால் மாடுகள் மடி கட்டிக் கத்தும்.

ஆர்ச்சி ஐந்தாவதாக இறங்குபவன். அன்றைக்குப் பார்த்து முதலில் இறங்கியவர்கள் அசையவே இல்லை. பதினொன்று, பன்னிரண்டு, சாப்பாட்டு வேளையும் போயிற்று. சுற்றிலும் எல்லோரும் கைதட்ட, எல்ஸ்பெத்துக்கு மட்டும் எரிச்சல். சொந்த அணிக்காரன் அவுட்டாக வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள் அவள்தான். வேண்டியதற்கு ஒருவன்தான் போனான்.

இரண்டே காலுக்கு இரண்டாவது விக்கெட் விழுந்தது. அவள் எழுந்து தொப்பியைச் சரிசெய்தாள். ஆர்ச்சிக்கு முன்னால் இறங்க இன்னும் ஒருவன் இருக்கிறானே, இனி உட்கார்ந்து பயனில்லை.

படியிறங்கி வந்தது ஆர்ச்சி.

அவள் நின்றபடியே பார்த்தாள். பந்துக்குக் கண் பழகுமுன்பே அடிக்கிற அவசரம் அவன் ஆட்டத்தில் தெரிந்தது. கால் மணி நேரத்தில் ஒன்பது ஓட்டத்தோடு அவுட்டானான். அவள் ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தபோது ஆறிப்போன ஆட்டிறைச்சியைத் தட்டில் வைத்தாள்.

"இன்னிக்கு எப்படி உன்னை முன்னாடி இறக்கினாங்க?"

"நான்தான் கேப்டன்கிட்ட கேட்டேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். வேலி சாய்ந்து கிடந்தபோதுகூட நிலத்துக்காரரிடம் வாய் திறக்க மூன்று வருடம் யோசித்தவன் அவன்.

"அவர் என்ன சொன்னாரு?"

"சரி போன்னாரு. இனிமே என் இடத்துக்கு வேற ஆள் பாத்துப்பாரு."

"அது தெரிஞ்சுமா கேட்ட?"

"நீ கடிகாரத்தையே பாத்துக்கிட்டிருந்த. அங்கேருந்து தெரிஞ்சுது."

அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். அவன் ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தான்.

அதன்பிறகு மாகாண அணியிலிருந்து அவனுக்கு அழைப்பு வரவில்லை. அதற்கு முந்தைய வருடம் அவன் அறுபத்தொன்று அடித்த ஆட்டத்தைப் பற்றி யாராவது பேசினால் எல்ஸ்பெத் பேசாமல் கேட்டுக்கொள்வாள். தான் பார்த்த இந்த ஒன்பதை மட்டும் விடமாட்டாள். இரண்டு பவுண்டரி, ஒரு ஒற்றை ஓட்டம், எந்தப் பந்து எந்தப் பக்கம் போனது என்று கையை நீட்டியே காட்டுவாள்.