டயாலிசிஸ் நாற்காலியில் ஒரு பங்குதாரர்

என் அக்காவின் கணவர் தையல்காரர். ஆளைப் பார்த்ததுமே இடுப்பளவைச் சொல்லிவிடுவார். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுவார். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு, வாரத்துக்கு மூன்று நாள் அவரை டயாலிசிஸ் மையத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது என் வேலையானது. நான்கு மணி நேரம் அவருடைய ரத்தம் இயந்திரத்துக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்பும். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து உலகத்தைத் திட்டிக்கொண்டிருப்பேன்.

முதல் மாதமே அத்தானுக்கு வியாபார மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

"பாத்தியா மச்சான், பதினாறு நாற்காலி. ஒரு நாளைக்கு மூணு ஷிஃப்ட். ஒருத்தனாவது லீவு போடுறானா? என் கடைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறப்போ கூட்டம் வரும், மத்த நாள்ல ஈ ஓட்டணும். இங்க வந்தவன் போகவே மாட்டான்."

"போறவன் ஒரேயடியாப் போறான்."

"அந்த இடத்துக்கும் வெளிய ஆள் காத்துக்கிட்டிருக்கு."

மையத்தை நடத்தும் கம்பெனியின் பங்குகள் சந்தையில் இருந்தன. கடையைப் பெரிதாக்க வைத்திருந்த பணத்தில் அவற்றை வாங்கினார். அக்கா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. விலை ஏறியதும் பேசினாள். அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. சிஸ்டர் ஊசியோடு வந்தால், "முதலாளியைப் பாத்துக் குத்தும்மா" என்பார். நான் கேலி செய்தேன். ஆனாலும் அவர் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு களை வந்திருந்தது. அதைப் பார்த்து எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

பிறகு பங்குதாரர்களுக்குப் போனில் ஒரு கடிதம் வந்தது. ஒரு நாளைக்கு நடக்கிற மூன்று ஷிஃப்டை நான்காக்கலாமா, வருமானம் கூடும், சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். அத்தான் நாற்காலியில் சாய்ந்தபடியே, ஊசி குத்தாத கையால் போனில் 'சம்மதம்' என்று அழுத்தினார். அழுத்திவிட்டு அக்கம்பக்கத்து நாற்காலிக்காரர்களிடமெல்லாம் காட்டினார்.

மையம் விடியற்காலையிலிருந்து ராத்திரி வரைதானே திறந்திருக்கும்? நான்காவது ஷிஃப்டுக்கு நேரம் எங்கிருந்து வரும் என்று அளவெடுத்தே பிழைக்கிற மனுஷன் யோசிக்கவில்லை. அடுத்த மாதம் எல்லாருக்கும் அரை மணி நேரம் குறைந்தது.

அத்தானுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அவர் ஒடிசலான ஆள். அவர் எழுந்ததும் அதே நாற்காலியில் உட்காருகிறவர் ஒரு பஸ் டிரைவர், ஆள் மலை மாதிரி. அவர் உடம்பில் சேருகிற நீரை இறக்க நான்கு மணி நேரமே இழுபறி. மூன்றாம் வாரம் நுரையீரலில் நீர் கோத்து, ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். பிழைத்து வந்தபோது சட்டைக் காலர் தொளதொளவென்று தொங்கியது, கால்கள் மட்டும் வீங்கியே இருந்தன. செருப்புக்குள் பாதம் நுழையவில்லை. அத்தான் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தானே மச்சான் சம்மதம்னு அமுக்கினேன்."

"உங்க ஒரு கைப்பிடிப் பங்கு என்ன பண்ணிடும்? நீங்க இல்லேன்னாலும் அது நடந்திருக்கும்."

அது அவர் காதில் ஏறவில்லை. அடுத்த வாரத்திலிருந்து, குறித்த நேரத்துக்கு அரை மணி முன்பே என்னை இயந்திரத்திலிருந்து கழற்றிவிடுங்கள் என்று சிஸ்டரிடம் கேட்க ஆரம்பித்தார். நோயாளி சீக்கிரம் கழற்றச் சொன்னால் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும்: 'என் சொந்த விருப்பத்தின் பேரில் முடித்துக்கொள்கிறேன்.' அவர் போட்டார். மிச்சப்பட்ட நேரத்தைச் சிஸ்டர் வாய் திறக்காமல் டிரைவருக்குக் கொடுத்தார். டிரைவருக்கு விஷயம் தெரியாது. நாற்காலி சீக்கிரம் காலியாகிறது என்று மட்டும் தெரியும்.

எனக்கு விஷயம் தெரிந்த அன்று காரிலேயே கத்தினேன்.

"என்ன தியாகமா? அக்காவை நினைச்சுப் பாத்தீங்களா?"

"அவகிட்ட சொல்லாதே," என்றார். அவ்வளவுதான் பதில்.

நான்கு மாதத்தில் அவர் உடம்பு சொல்லிவிட்டது. தோலெல்லாம் அரிப்பு, சாப்பாட்டைக் கண்டால் குமட்டல். ஊசியில் நூல் கோக்கக் கை நடுங்கியது. பங்கு விலையோ ஏறிக்கொண்டே போனது. விற்றுத் தொலையுங்கள் என்றேன். விற்றால் கேள்வி கேட்கிற உரிமையும் போய்விடும் என்றார்.

போன வாரம் கம்பெனியின் ஆண்டறிக்கை வந்தது. அத்தான் நாற்காலியில் இருந்தபடி கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு படித்தார். பாதியில் நிறுத்தி என்னை உள்ளே கூப்பிட்டுப் போனை நீட்டினார். 'நம் நோயாளிகளில் பலர் குறைந்த நேரச் சிகிச்சையையே விரும்புகின்றனர். இதைத் தம் கையெழுத்துடன் எழுத்துமூலம் தந்துள்ளனர். ஆகவே வரும் ஆண்டு முதல் சிகிச்சை நேரத்தை மூன்று மணியாக்கி ஐந்து ஷிஃப்ட் நடத்த உத்தேசம்.' கீழே சம்மதமா இல்லையா என்று கேட்டிருந்தது.

"இந்தப் பலர்ல நான் எத்தனை பேரு மச்சான்?" என்றார். அவர் குரல் உடைந்து நான் அதுவரை கேட்டதில்லை.

'இல்லை' என்று அழுத்தினார். ஒருமுறை போதாது என்பதுபோல் மறுபடியும் அழுத்தினார். திரை ஒரே ஒருமுறைதான் நன்றி சொன்னது.

சிறிது நேரத்தில் சிஸ்டர் படிவத்தை ஓர் அட்டைமேல் வைத்துக் கொண்டுவந்தார். அத்தான் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

"போடாதீங்க அத்தான். நீங்க போடப் போடத்தான் அவனுக ஆதாரம் சேத்துக்கிறானுக. போட்டா எல்லாருக்கும் கெடுதல்."

"தெரியும்."

"அப்புறம் என்ன?"

அவர் வாசல் பக்கம் தலையைத் திருப்பினார். டிரைவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு நாள் நீர் முகத்தில் ஊதியிருந்தது. அவர் மூச்சு வாங்குவது எங்கள் நாற்காலிவரை கேட்டது.

"வந்துட்டேண்ணே. நீங்க மெதுவா எந்திரிங்க, அவசரமில்லே," என்றார் டிரைவர்.

ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. ஒற்றைக் கையால் எழுதினால் தாள் நழுவும். அத்தான் என்னைப் பார்த்தார். அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை அட்டையை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.