இருபத்தேழாம் எண் மடித்த விரிப்புகள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'மூலை'. படுக்கை விரிப்பை அவள் மடித்தால் நான்கு மூலையும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தாக வேண்டும். ஒரு விரற்கடை பிசகினாலும் உதறிப் பிரித்து மறுபடி மடிப்பாள். ஆறு வருடமாக இதே கதைதான். வீட்டில் புருஷனின் கைக்குட்டைகூடத் தப்பியதில்லை. அதை எடுத்து மூக்கைத் துடைக்கவே அவனுக்குப் பயம்.

அப்படி எதையும் பிசகவிடாதவள், பிறந்து பன்னிரண்டு நாளான மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அரசு உதவி அலுவலகத்தின் நான்காம் ஜன்னலில் திறந்த வாயை மூடாமல் நின்றாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க மேடம்."

ஜன்னலுக்கு உள்ளே இருந்த அம்மாள் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். "நீங்க வேலை பாத்த மணிக்கணக்கெல்லாம் சரியா இருக்கும்மா. ஆனா குழந்தை பிறக்கறதுக்கு முந்தின ஒரு வருஷத்துல, ரெண்டு வேலை நாளுக்கு நடுவுல பன்னிரண்டு வாரத்துக்கு மேல இடைவெளி விழக்கூடாது. உங்களுக்கு பதினாலு வாரம் விழுந்திருக்கு. அதனால பேறுகால விடுப்புப் பணம் கிடைக்காது."

"நான் எங்க வீட்ல இருந்தேன்? தினமும்..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்த கடியில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அந்தப் பதினான்கு வாரமும் அவள் ஒரு நாள் விடாமல் மடித்தாள். ஆனால் நாத்தனாரின் வருகை அட்டையில் மடித்தாள்.

நாத்தனாரும் அதே சலவைக்கூடம்தான். அவளுக்குக் காலை முறை, மூலைக்கு மாலை முறை. போன வருடம் நாத்தனார் ஈரப்படியில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டாள். இருபது நாள் தொடர்ந்து வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள் என்பது சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். யார் சொன்னது என்பதுதான் யாருக்கும் தெரியாது. மூலைக்கு அப்போதுதான் நாள் தள்ளிப்போயிருந்தது, காலை, மாலை என்று இரண்டு முறை வேலையும் சேர்த்துப் பார்க்க உடம்பில் தெம்பில்லை. ஆகவே, வாந்தி என்று சொல்லித் தன் மாலை முறையை நிறுத்திவிட்டு, காலையில் போய் நாத்தனாரின் அட்டையை இயந்திரத்தில் செருகினாள். மேற்பார்வையாளர் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு அட்டைகளின் எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும், அட்டைக்குப் பின்னால் கழுதை நின்றாலும் சம்மதம். அந்தச் சம்பளத்தை நாத்தனார் பைசா குறையாமல் இவள் கையில் கொடுத்துவிட்டாள், கூடவே நாலு திட்டும்.

"அந்த நாள்கள்ல வேலை பாத்ததுக்கு ஆதாரம் இருந்தா மறுபரிசீலனைக்கு எழுதிக் கொடுங்க," என்றார் ஜன்னல் அம்மாள்.

ஆதாரமா? உண்மையைச் சொன்னால் நாத்தனாரின் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் வருகிற திங்கட்கிழமை மகளைப் போட்டுவிட்டு இவள் வேலைக்கு ஓட வேண்டும். புருஷனுக்குப் பேருந்து கழுவும் வேலை, அதுவும் மாதத்தில் பாதி நாள்தான். விடுப்புப் பணம் வந்தால் பதினெட்டு வாரம் மகளோடு இருக்கலாம். தோளில் இருந்தவள் கொட்டாவி விட்டாள். மூலை விறுவிறுவென்று வெளியே வந்தாள்.

வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாத்தனார் தலை நிமிராமல் கேட்டாள். "என்ன, மகாராணிக்குப் பணம் குடுக்கறாங்களாமா?"

"இல்ல அண்ணி. பதினாலு வாரம் நான் வேலை பாக்கலையாம். வாந்தின்னு சும்மா இருந்தேன்ல, அதான்."

புருஷன் வாயைத் திறந்தான். மூலை பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"சும்மாவா இருந்த?" என்றாள் நாத்தனார். தட்டில் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினாள். ஆறு வருடத்தில் அவள் பேச்சைப் பாதியில் நிறுத்தியது இதுவே முதல் தடவை. புருஷன் மிரண்டுபோய், "அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று மனைவியின் காதில் கிசுகிசுத்தான்.

திங்கட்கிழமை முதல் வேலைக்கு வருகிறேன் என்று சொல்வதற்காக மறுநாள் மூலை சலவைக்கூடத்துக்குப் போனாள். மேலாளர் அறைக் கதவைத் தள்ளியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மேலாளரின் மேசை முழுக்கச் சின்னச் சின்னச் சீட்டுகள். மேற்பார்வையாளர் சுவரோரமாகப் பேயறைந்தவர்போல நின்றார்.

"வந்துட்டா பாருங்க சார், ஊர்ல இல்லாத மக்கு!" என்றாள் நாத்தனார். "என் அட்டையப் போட்டுட்டு, கட்டுச் சீட்டுல தன் நம்பர எழுதி வெச்சிருக்கா. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, பதினாலு வாரம்!"

இருபது விரிப்புக்கு ஒரு கட்டு. கட்டுக்கு ஒரு சீட்டு, அதில் தேதியும் மடித்தவளின் எண்ணும் இருக்கும். மூலையின் எண் இருபத்தேழு. ஆறு வருடப் பழக்கத்தில் கை அதையே எழுதியிருக்கிறது. மூளைக்குச் சேதி போகவேயில்லை.

மூலை ஒரு சீட்டை எடுத்துப் பார்த்தாள். அவளுடைய கோணல் ஏழுதான்.

"இது எப்படி அண்ணி உங்ககிட்ட?"

"கால் சரியாகி வந்த அன்னைக்கே கிடங்குல பாத்தேன். யார் கண்லயாவது பட்டா ரெண்டு பேருக்கும் ஆபத்துன்னு அள்ளி என் பெட்டியில போட்டேன். திருட்டுத்தனம் வராதவள அனுப்பினது என் தப்பு." பிறகு மேலாளரிடம் திரும்பினாள். "என் பேர அடிச்சுக்கங்க சார். இவ வேலை பாத்தான்னு மட்டும் எழுதிக் குடுங்க."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"கால் உடைஞ்சப்ப டாக்டர் சீட்டு வாங்கினீங்களா?"

"வாங்கினேன்."

"அதைக் கொண்டாந்து குடுத்திருந்தா ஆறு மாசம் உங்க வேலைய யாரும் தொட முடியாதே! விதி சுவத்துலயே ஒட்டியிருக்கேம்மா."

நாலு பேரும் போய்ப் பார்த்தார்கள். ஒட்டித்தான் இருந்தது. அதன்மேல்தான் எல்லோரும் மேலங்கிகளை மாட்டுகிறார்கள்.

"எனக்கே தெரியாது சார்," என்றார் மேற்பார்வையாளர்.

"அது எனக்குத் தெரியுது," என்றார் மேலாளர். அன்றிலிருந்து மேற்பார்வையாளர் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்து வருகை எடுக்க வேண்டும் என்றாகிவிட்டது. நாத்தனாருக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கையும், ஒரு மாதம் ஈரத்துணி பிழிகிற பகுதியும் கிடைத்தன. மூலைக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. அதோடு நடந்ததை நடந்தபடி எழுதிய கடிதமும் கையில் கிடைத்தது.

நான்கு நாள் கழித்து, உதவி அலுவலகத்தில் ஜன்னல் அம்மாள் கடிதத்தோடு வந்த சீட்டுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஆதாரத்த பாத்ததில்ல," என்று சொல்லி முத்திரையைக் குத்தினார். பதினெட்டு வாரம்.

அன்று மாலை, பகலெல்லாம் பிழிந்து ஊறிப்போன கையோடு நாத்தனார் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு மூலை கிழக்கே, ஒரு மூலை மேற்கே. மூலையின் கை தானாக நீண்டது.

நாத்தனார் அந்தக் கையில் பட்டென்று ஒன்று போட்டாள்.

"அரசாங்கமே லீவு குடுத்திருக்குல்ல? இப்பவாவது சும்மா இரு."

மூலை கையை இழுத்துக்கொண்டாள். கோணல்மாணலாக மடித்த அந்தத் துணியை அப்படியே எடுத்து மகளுக்குப் போர்த்தினாள்.