மூன்றாம் பாகத்தின் முதல் வாசகி

எங்கள் வாசகர் வட்டத்தில் எந்தப் புத்தகத்துக்கும் ஒரே பிரதிதான். தலைநகரின் பழைய புத்தகச் சந்தையிலிருந்து எங்கள் ஊரான பாய்சாண்டூவின் பேருந்து நிலையத்துக்கு வரும். அங்கே பார்சல் பிரிவில் வேலை பார்க்கும் ஸுல்மா ஆர்பிசா அதைப் பிரித்து முதலில் படிப்பாள். சனிக்கிழமை கிளப்பில் கூடும்போது அவள்தான் முதலில் பேசுவாள்; எல்லோரும் அவள் வாயைத்தான் பார்ப்போம். நன்றாக இருக்கிறது என்றால் புத்தகம் அடுத்த கைக்குப் போகும். உதட்டைப் பிதுக்கினால் அலமாரிக்கு. வீட்டில் அவளிடம் கேட்கப்படும் ஒரே கேள்வி, சமையல் ஆயிற்றா என்பது.

அந்தக் குளிர்காலத்தில் மகள் இரட்டைக் குழந்தைகளோடு அவள் வீட்டுக்கு வந்திருந்தாள்.

தொலைதூரக் கிரகத்தில் குடியேறியவர்களைப் பற்றிய விஞ்ஞானக் கதைத் தொடரில் மூன்றாம் பாகம் வந்திருந்தது. வட்டத்தில் ஸுல்மா விஞ்ஞானக் கதைக் கட்சி; ரயில்வேயில் ஓய்வு பெற்ற வில்மார் வரலாற்றுக் கட்சி. நாங்கள் மாற்றி மாற்றிக் குடிக்கும் மாத்தே இலைத் தேநீரின் குடுவையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டே சீண்டினார்.

"உங்க ஆளுங்க இன்னும் அந்தக் கிரகத்துலதான் குந்தியிருக்காங்களா? எங்க பக்கம் இதுக்குள்ள நாலு அரசாங்கம் கவிழ்ந்திருக்கும்."

"நடுவுல கொஞ்சம் இழுக்குது," என்றாள் ஸுல்மா. "ஆனா கடைசியில அந்தக் கேப்டன் பொண்ணு ஒரு முடிவு எடுக்கிறா பாருங்க. நான் அழுதுட்டேன்."

அடுத்துப் படிக்க வேண்டியவள் பல் மருத்துவர் லுசியானா. "அந்த இடத்தை மட்டும் படிச்சுக் காட்டட்டுமா, தோன்யா ஸுல்மா?" என்று ஆசையாகக் கடைசிப் பக்கங்களைத் திறந்தாள்.

"அவ்வாண்டு துறைமுகத்திலிருந்து ஏற்றுமதியான உப்பிட்ட மாட்டுத்தோலின் மீது..."

நிறுத்தினாள். முன்னால் புரட்டினாள். அட்டை மட்டும்தான் மூன்றாம் பாகம். உள்ளே முழுக்கச் சுங்கவரியின் வரலாறு. அச்சகத்தில் யாரோ அட்டையை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள்.

"கடைசியில எங்க கட்சிக்கு வந்துட்டீங்க," என்று வில்மார் சிரித்தார். "தோல் வரிக்குக் கண்ணீர் விட்ட முதல் ஆள் நீங்கதான்."

எல்லோரும் சிரித்தோம். ஸுல்மாவின் முகம் கழுத்து வரை சிவந்திருந்ததைக் கண்டு ஒவ்வொருவராக நிறுத்தினோம்.

"குழந்தைங்க தூங்க விடல," என்றாள். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே, "இது மட்டுமில்ல. இதுக்கு முன்னாடி வந்த ரெண்டு புத்தகத்தையும் நான் திறக்கல. நீங்க கேட்டு வாங்கின ரயில் பாதை வரலாறு, வில்மார், அலமாரிக்கு அனுப்பினேனே... அதையும்தான்."

வில்மார் குடுவையைக் கீழே வைத்தார். அதற்காக அவர் ஒரு வருஷம் காத்திருந்தார்.

ஸுல்மா அந்தச் சுங்கவரிப் புத்தகத்தையே வீட்டுக்கு எடுத்துப் போனாள். ஒரு குழந்தையை மடியிலும் இன்னொன்றைத் தோளிலும் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தாளாம். இதை அவள் மகள் பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை சீக்கிரமே வந்து தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தாள். வில்மார் முதல் மாத்தேயை அவளுக்கே கொடுத்து, குழந்தைகளைப் பற்றி அன்பாக விசாரித்தார். அவள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரி," என்று அவர் மறுபக்கம் திரும்பினார். "லுசியானா, நீ ஆரம்பிம்மா."