ஒரு தட்டு என்றால் நிறுத்து

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். வண்டியிலேயே ஊர் ஊராகச் சுற்றுகிறவனுக்கு அந்தப் பயமெல்லாம் கட்டுப்படியாகாது. சுடுகாட்டு ஓரம் நிறுத்தினால் வண்டியை எடு என்று யாரும் வந்து சொல்லமாட்டார்கள், வாடகையும் கிடையாது, அதனால் எத்தனையோ ஊரில் சுடுகாட்டுச் சுவரை ஒட்டித்தான் நானும் பாக்கியமும் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறோம். நாய்களைத் தவிர எதுவும் வந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மட்டாஞ்சேரியில் நடந்ததைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

பாக்கியம் என் கூட்டாளி. லாரியில் கிளீனராக இருந்தவன். நான் எட்டாவதோடு நின்றவன், அவன் அதுவரைகூடப் போகவில்லை. யாரோ கழித்துப்போட்ட ஒரு பள்ளிக்கூட வேனை இருவரும் சேர்ந்து வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, உள்ளே ஒரு பலகைக் கட்டில், ஒரு அடுப்பு, தண்ணீர் கேன் என்று வைத்துக்கொண்டோம். அதுதான் வீடு. ராஜஸ்தானில் கூரைமேல் ஈரச் சாக்கைப் போட்டுக்கொண்டு வெயிலைக் கடந்தோம். இமாச்சலத்தில் ஆப்பிள் பெட்டி அடுக்கும் வேலை பார்த்தோம், காலையில் டீசல் உறைந்துபோய் வண்டிக்கு அடியில் விறகு மூட்டினோம். அசாமில் வெள்ளம் வந்து ஆற்றங்கரையிலேயே மாட்டிக்கொண்டபோது மீன்காரர்கள் சோறு போட்டார்கள். குளிக்க பெட்ரோல் பங்க், பசித்தால் குருத்வாரா. கஷ்டமா என்று கேட்டால் கஷ்டம்தான், ஆனால் அப்போது அப்படித் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் அதைவிட நல்ல காலம் எனக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பாக்கியம் இறங்கி நின்று உள்ளங்கையால் தகரத்தில் அடிப்பான். லாரிக்காரர்கள் வழக்கம் அது. ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் போகலாம். “வாயத் தொறந்து சொன்னா என்னடா?” என்று நான் கேட்டால், “கண்ணாடியப் பாக்காத, என் கையக் கேளு” என்பான்.

மஞ்சள் காமாலை வந்து மத்தியப் பிரதேசத்தில் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். அங்கேயே ஆற்றங்கரையில் எரித்தேன். அதற்குப் பிறகு தனியாகக் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்தேன், முடியவில்லை. உள்ளே இடம் அதிகமாக இருந்தது. மட்டாஞ்சேரியில் ஒருவர் தட்டுக்கடை, அதாவது ரோட்டோரச் சாப்பாட்டுக் கடை, போடுவதற்குப் பழைய வேன் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு, கொடுத்துவிட்டு எங்காவது ஓட்டல் வேலைக்குப் போய்விடலாம் என்றுதான் கொச்சிக்கு வந்தேன்.

நல்ல மழை. மத்தியானமே விளக்குப் போட்டிருந்தார்கள். அந்தத் தெரு முழுக்க சுக்கு மிளகு வாசனை, நெஞ்சைப் பிடிக்கும். வாங்குகிறவரை எல்லாரும் இக்கா என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவரிடம் மூட்டை தூக்கும் மணி, அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழன், பழைய கிட்டங்கியின் கதவுக்கு எதிரே தாழ்வாரத்தில் சாயா கிளாசோடு நின்றுகொண்டு கத்தினான்.

“ரிவர்ஸ்ல முற்றத்துக்குக் கேறி வாங்க அண்ணே. எம்பாடு இடமுண்டு, நெறைய!”

“எறங்கி வந்து பாக்கலாமில்ல?”

“மழை கண்டில்லையா? சாயா ஆறிப்போகும்!”

இக்கா சிரித்தார். இரண்டு பேரும் எனக்கு நேர் எதிரே, முன் கண்ணாடியில் தெரிந்துகொண்டிருந்தார்கள். அதை மறந்துவிடாதீர்கள். பக்கக் கண்ணாடியில் வெறும் தண்ணீர். கிட்டங்கிக் கதவு வழியாக மெதுவாகப் பின்னால் எடுத்தேன்.

பட்டென்று ஒரு தட்டு.

மனசுக்கு எட்டும் முன்னால் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தால், முற்றம் அங்கே முடிந்துவிடுகிறது. ஒரு காலத்தில் வள்ளத்திலிருந்து சரக்கு இறக்கிய இடம், சுவர் கிடையாது. தேங்கிய மழைத்தண்ணீரும் காயலும் ஒரே நிறமாகக் கிடந்தன. சக்கரத்துக்கும் காயலுக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும்.

மணி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். “எண்டம்மோ! உங்க ஆளு நல்ல சமயத்துல தட்டுச்சு.”

“எந்த ஆளு?”

“உள்ள இருக்கற ஆளு. அங்க வரைக்கும் கேட்டுச்சே! அவரையும் எறங்கச் சொல்லுங்க, ஒரு சாயா குடிக்கட்டும்.”

பின்கதவில் வெளியே நான் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது. திறந்து காட்டினேன். கட்டில், அடுப்பு, கேன். வேறு ஒன்றும் இல்லை.

இக்காவும் குடையோடு வந்துவிட்டார். “காத்துல எதாச்சும் அடிச்சிருக்கும், விடு. வண்டி கொள்ளாம், எனக்கு இஷ்டப்பட்டு. சாவியக் கொடு, பாக்கியெல்லாம் உள்ள போய்ப் பேசலாம்.”

வண்டியை முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, எஞ்சினை அணைத்து இறங்கினேன். இடது கையைத் தகரத்தில் ஊன்றிக்கொண்டு வலது கையால் சாவியை நீட்டினேன். அப்போது கேட்டது. இரண்டு தட்டு. அவசரமே இல்லாமல், அவன் எப்போதும் அடிக்கிற மாதிரி. நம்பினால் நம்புங்கள், இக்கா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

“ஆளு போலாம்னு சொல்லுதே, அண்ணே,” என்றான் மணி, மெல்ல. யாரும் சிரிக்கவில்லை.

நான் கிளம்பிவிட்டேன். வெலிங்டன் தீவு, தேவரா எல்லாம் தாண்டி, இடப்பள்ளி வந்தபிறகுதான் வைப்பரை நிறுத்தலாம் என்றே தோன்றியது. இன்றுவரை அந்த வண்டியில்தான் இருக்கிறேன், இதை எழுதுவதும் அதில் உட்கார்ந்துதான். தட்டுச் சத்தம் அதற்குப் பிறகு வரவில்லை. சூடான தகரம் மழையில் சுருங்கினால் அப்படித்தான் கேட்கும் என்று ஒரு மெக்கானிக் சொன்னார். இருக்கலாம், நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் அந்த இரண்டு தட்டும் என் இடது கையில் தெரிந்தன. வெளியே நின்று தட்டுகிறவன் தோள் உயரத்தில் அடிப்பான். இது என் இடுப்பு உயரத்தில் வந்தது. அந்த இடத்தில் தகரத்துக்கு உள்பக்கம் இருப்பது கட்டில். படுத்திருக்கும் ஒருவன் எழாமலே கை நீட்டினால் எட்டும் உயரம் அது.