மழை நாளில் இழைத்த லாச்சி

இழைப்புளியை அவர் தள்ளவில்லை, தன் பக்கமாக இழுத்தார். முதல் நாள் வேலைக்கூடத்தின் வாசலில் நின்று நான் பார்த்தது அதைத்தான். ஊரில் எங்கள் வீட்டுக் கூரை வேலைக்கு வந்த தச்சர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் தள்ளித்தான் பார்த்திருக்கிறேன். இவரோ பலகையின் ஒரு முனையிலிருந்து பின்னோக்கி நடந்து வந்தார். சீவல் வெங்காயத் தோலைப் போல அறுபடாமல் வந்து அவருடைய சப்பாத்தின் மேல் விழுந்தது. பலகை முடிந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்து, தரை கூட்டும் தும்புத்தடி இருந்த மூலையைக் காட்டினார்.

பேர்லினில், நொய்கெல்னின் ஒரு பின்முற்றத்தில் இருந்தது அந்த வேலைக்கூடம். என்னோடு ஒரே வீட்டில் இருந்த, நான் அண்ணை என்று அழைக்கும் மூத்தவர் ஒருவர், அந்தக் கட்டிடத்தின் படிகளைத் துப்புரவு செய்பவர். கூட்டவும் மரம் இறக்கவும் அங்கே ஆள் தேவை என்று அவர்தான் சொல்லி அனுப்பினார். அதுவரை நான் பாத்திரம் கழுவிய உணவகம் பூட்டப்பட்டு இரண்டு மாதமாகியிருந்தது. எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது, அவருக்கு முப்பத்துநான்கு. எல்லோரும் அவரை மைஸ்டரின் என்றே அழைத்தார்கள். தொழிலில் உயர்ந்த தேர்வெழுதித் தேறிய பெண்ணுக்கு அங்கே அதுதான் பெயர். ஐந்து வருடம் ஜப்பானில் தங்கி, அந்த நாட்டு முறையில் அலுமாரி செய்யப் பழகி வந்தவர். அவருடைய வேலைக்கூடத்தில் மின்சாரத்தில் ஓடியவை விளக்கும் வானொலியும் மட்டும்தான்.

தரை கூட்டிக்கொண்டிருந்த என்னை வேலை மேசைக்குக் கொண்டுவந்தது சோறு. அந்த அலுமாரிகளுக்கு ஒட்டுப்பசை சோற்றிலிருந்துதான். ஒட்டும் அரிசியைக் குழைய வேகவைத்து, பலகையில் போட்டு, மூங்கில் தகட்டால் ஒரு பருக்கைகூடத் தெரியாமல் மசிக்க வேண்டும். மைஸ்டரினுக்கு உலகத்தில் பிடிக்காத வேலை அது ஒன்றுதான். ஒரு நாள் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மசிப்பதைப் பார்த்துவிட்டுத் தகட்டை நான் வாங்கினேன். முடித்ததும் விரலில் தொட்டுப் பார்த்தார். அதன் பிறகு பசை என் பொறுப்பு. மூங்கில் ஆணி சீவுவதும் பிறகு என்னிடம் வந்தது. ஒரு வருடத்தில் லாச்சிகளின், அதாவது இழுப்பறைகளின், அடிப்பலகை வரைக்கும் வந்துவிட்டேன். நான் அண்ணையோடு தொலைபேசியில் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அவர் "ஓம்" சொல்லப் பழகினார். அவர் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், சொன்னவைகூட இப்போது என் நினைவில் எங்கள் தமிழில்தான் கேட்கின்றன.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு ஒரு பெரிய வேலை வந்தது. பேர்லினில் பல வருடங்களாகப் பியானோ சொல்லிக்கொடுக்கும் ஜப்பானிய அம்மா ஒருவர், தன் தாயின் கிமோனோக்களை வைக்க ஆறு லாச்சி அலுமாரி கேட்டார். கிரி என்ற மரம் ஜப்பானிலிருந்தே வந்தது. எங்கள் முள்முருக்கைப் போலக் கனமில்லாத மரம். அந்த அலுமாரியின் தரத்துக்கு ஒரு சோதனை உண்டு. ஒரு லாச்சியை உள்ளே தள்ளினால், அடைபட்ட காற்று இன்னொரு லாச்சியை மெல்ல வெளியே தள்ள வேண்டும். ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் காற்று அதால் போய்விடும்.

செப்டம்பரில் ஒரு வாரம் விடாமல் மழை பெய்தது. வேறொரு அலுமாரியைக் கொடுப்பதற்காக மைஸ்டரின் லைப்சிக் போயிருந்தார். நான்காவது லாச்சி இறுகிப்போய் அசையவில்லை. அவர் வருவதற்குள் சரிசெய்து வைத்தால் என்ன நினைப்பார் என்று எனக்கு ஓர் ஆசை. இழைப்புளியை எடுத்து இரண்டு பக்கமும் இழுத்தேன். லாச்சி வெண்ணெய் போல ஓடியது. அன்று முழுவதும் பெருமையில் விசிலடித்துக்கொண்டு வேலை செய்தேன். மைஸ்டரின் திரும்பியதும் வேறு வேலையில் இறங்கிவிட்டார், நான் இழைத்ததைச் சொல்லச் சந்தர்ப்பம் வரவில்லை.

அக்டோபரில் ஹீட்டிங் போட்டார்கள். மழை ஈரத்தில் ஊதியிருந்த மரம் காய்ந்து சுருங்கியது. நான்காவது லாச்சியின் இரு பக்கமும் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. மற்ற லாச்சிகளைத் தள்ளினால் அது அசையாமல் கிடந்தது. மைஸ்டரின் அப்போது இரும்புக் கைப்பிடிகளில் மும்முரமாக இருந்ததால் இன்னும் கவனிக்கவில்லை.

அதே வாரம்தான் எனக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், நேரில் வரச் சொன்ன நாள், இருந்தது. ஏழு வருடமாக என்னிடம் இருந்தது, திருப்பி அனுப்புவதைத் தள்ளிவைக்கும் டுல்டுங் என்ற கடதாசி மட்டும். அதை வைத்துக்கொண்டு நாட்டின் எல்லையைத் தாண்ட முடியாது. என் தங்கச்சி பாரிஸில் இருந்தாள். ஒரு பகல் ரயில் பயணம்தான். அவளுடைய கலியாணத்தை நான் வீடியோவில் பார்த்தேன். நீண்ட காலம் இருப்பவர்கள் நிரந்தர வேலை ஒப்பந்தம் காட்டினால் வதிவிட அனுமதி கிடைக்கலாம் என்று அந்த வருடம் ஒரு வழி திறந்திருந்தது. மைஸ்டரின் எனக்கு ஒப்பந்தம் எழுதித் தர ஒப்புக்கொண்டிருந்தார். அடித்துவைத்த ஒப்பந்தம் அவருடைய மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது.

அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தேத்தண்ணியை ஆற்றியபடி யோசித்தார்.

"மரம் சுருங்கிறது ஹீட்டிங்காலை எண்டு ஆருக்கும் தெரியும். உங்களை ஆர் கேக்கப் போயினம்? கையெழுத்தை வாங்குங்கோ. பிறகு ஆறுதலாச் சொல்லலாம்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. அவரும் ஒரு கடதாசிக்காகப் பன்னிரண்டு வருடம் காத்திருந்தவர். ஆனால் அடுத்த நாள் காலை மைஸ்டரின் ஒப்பந்தத்தைக் கையில் எடுத்தபோது, என்னை அறியாமலே நான் அலுமாரியடிக்குப் போய் நான்காவது லாச்சியைக் கழற்றி அவர் முன்னால் வைத்தேன். மழைக்குள் இழைத்தது நான்தான் என்று எனக்கு வந்த டொச்சில் சொன்னேன்.

அவர் லாச்சியை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலால் இரு பக்கமும் தடவினார். கழுத்துவரை சிவந்துபோனார். முற்றத்துக்குப் போய்ச் சைக்கிள்களுக்குப் பக்கத்தில் நின்றார். அவர் திரும்பி வருவதற்குள் என் பையை எடுத்துத் தோளில் போட்டுவிட்டேன்.

"பேனா எங்கை?" என்று கேட்டார்.

இரண்டு பக்கத்திலும் கையெழுத்திட்டு ஒப்பந்தத்தை என்னிடம் நீட்டினார். "இண்டைக்கு உங்களோடை என்னாலை கதைக்க ஏலாது. வீட்டை போங்கோ."

மூன்று நாள் தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசவில்லை. நான்காம் நாள் கிரி மரத் துண்டொன்றை என் மேசையில் வைத்தார். அதிலிருந்து மெல்லிய கீற்றுகள் சீவி, லாச்சியின் இரு பக்கமும் சோற்றுப் பசையால் ஒட்டி, காயவிட்டு, மறுபடி இழைக்க வேண்டும். அவர் கை வைக்கவில்லை. மூன்று தடவை ஒட்டினேன். மூன்று தடவையும் பிரித்தெடுக்கச் சொன்னார். "மழைக்குள்ளை மரம் பொய் சொல்லும், காயும்வரை நம்பாதேங்கோ" என்று அப்போது சொன்னதை இன்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நான்காம் தடவை, மேல் லாச்சியைத் தள்ளியபோது நான்காவது லாச்சி மெல்ல வெளியே வந்தது. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மூன்று வாரம் பிந்தித்தான் அலுமாரி போனது. நான்கு மாடி நாங்கள் இருவரும் தூக்கினோம். பிந்தியதற்குக் காரணம் கேட்ட அந்த அம்மாவிடம் மைஸ்டரின் ஒன்றையும் மறைக்கவில்லை. ஒரு லாச்சி பழுதாகித் திருத்தப்பட்டது என்றார். எது என்று கேட்டபோது நான் காட்டினேன். அந்த அம்மா அதை இரண்டு தரம் திறந்து மூடினார். பிறகு தன் மூக்குக்கண்ணாடியையும் மேசையில் கிடந்த கடிதங்களையும் அதற்குள் வைத்தார்.

"புதுசைத் திறக்கப் பயமாயிருக்கும். இதை நான் ஒவ்வொரு நாளும் திறப்பன்" என்றார்.

திரும்பி வரும்போது வாகனத்தில் கேட்டேன், அவ்வளவு கோபத்தோடு ஏன் கையெழுத்து வைத்தீர்கள் என்று. வீதியைப் பார்த்தபடியே பதில் சொன்னார்: "லாச்சி வேறை, கடதாசி வேறை. லாச்சிக்கு எனக்கு இப்பவும் கோபம்தான்."

வசந்த காலத்தில் அனுமதி கிடைத்தது. பாரிஸ் போக மூன்று நாள் விடுமுறை கேட்டேன். கொடுக்க வேண்டிய திகதிகளும் மரக் கணக்கும் எழுதும் சுவர்க் கலண்டரில், அந்த மூன்று கட்டங்களிலும் பென்சிலால் 'ஷ்வெஸ்டர்', சகோதரி, என்று எழுதினார்.

இப்போது அவர் வடக்கே கடற்கரை ஊர் ஒன்றில் வேலைக்கூடம் வைத்திருக்கிறார். நான் பேர்லினிலேயே இன்னொரு தச்சுக்கூடத்தில் வேலை செய்கிறேன். வருடப் பிறப்புக்குத் தொலைபேசியில் பேசிக்கொள்வோம். பாரிஸுக்கு இன்று நினைத்தவுடன் டிக்கெட் எடுக்கிறேன். ரயில் எந்த இடத்தில் எல்லையைத் தாண்டுகிறது என்று கவனிப்பதுகூட இல்லை. முதல் பயணத்தில், கடதாசிகளை மடியில் வைத்து, பொலிஸ் வரும் வரும் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. எதிரில் இருந்த பெண்ணைக் கேட்டேன். எல்லை தாண்டி அரை மணித்தியாலம் ஆகிறது என்றாள்.

பாரிஸில் தங்கச்சி ரயில் மேடையிலேயே நின்றாள். என் இரண்டு கைகளையும் பிடித்தவள் அவற்றைத் திருப்பிப் பார்த்தாள்.

"என்னண்ணா, கையெல்லாம் இப்பிடிக் காய்ச்சுப் போச்சு?"

"ஜப்பான் அலுமாரி செய்யிறன்."

அவள் நம்பவில்லை. ஏழு வருடத்துக்குப் பிறகு கண்ட தங்கச்சியிடம் கேட்க எவ்வளவோ இருந்தது. ஆனால் அவள் வீடு போய்ச் சேரும்வரை நான் மைஸ்டரினைப் பற்றியே சொல்லிக்கொண்டு போனேன்.