சணப்பை மடக்கி உழுத வருஷம்

ஆடியில் சோளம், அதை அறுத்ததும் புகையிலை. வேடசந்தூர் பக்கம் நாங்கள் குத்தகைக்கு உழுத தோட்டத்தில் வருஷா வருஷம் இதே பாட்டுதான். சோளம் எங்கள் வயிற்றுக்கு, புகையிலை குத்தகைக்கு. ஆனால் இலை வருஷத்துக்கு வருஷம் சிறுத்துக்கொண்டே வந்தது.

பயிர் யோசனை சொல்லச் சர்க்காரிலிருந்து சைக்கிளில் வந்த கிராம சேவக், மண்ணில் சத்துப் போய்விட்டது என்றார். ஒரு ஆடிக்குச் சோளத்தை விட்டுவிட்டுச் சணப்பை விதைத்து, பூத்ததும் மடக்கி உழுதால் அதுவே உரமாகிவிடுமாம். அய்யாவுக்கு அது பிடித்துப்போயிற்று. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"அடுத்தவுக நெலத்துக்கு நாம எதுக்குப் பட்டினி கெடந்து உரம் போடணும்?"

"யாரு நெலமுன்னு மண்ணுக்குத் தெரியுமா?" என்றார் அய்யா.

நல்ல பதில் என்றே எனக்குப் பட்டது. அம்மா ஊரார் தோட்டத்துக்குக் களையெடுக்கப் போனாள்.

சணப்பை பூத்தது. தோட்டம் முழுக்க மஞ்சள். தண்ணீர் எடுக்க வந்தவர்கள், "இந்த வருசம் கஞ்சிக்குப் பூவத்தான் வெஞ்சனம் வைக்கப் போறீகளா?" என்று சிரித்தார்கள். அய்யா அத்தனையையும் மடக்கி உழுதபோது நான் ஏர் பின்னாலேயே அழுதுகொண்டு நடந்தேன். பூவுக்காக அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்குப் பசியும் இருந்தது.

தையில் புகையிலை எழுந்து நின்றது. ஒரு இலையில் என் தம்பியைப் படுக்க வைக்கலாம். திண்டுக்கல்லில் கடை வைத்திருந்த நிலத்துக்காரர் பார்க்க வந்தார். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, உதிர்த்து, மோந்து பார்த்தார். "மண்ண நல்லாப் பழக்கி வச்சிருக்கியேப்பா" என்றார். யாரும் பாராட்டிப் பழக்கமில்லாத அய்யா, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூச்சத்தோடு சிரித்தார்.

சித்திரையில் நிலம் கைமாறியது. கூடுதல் குத்தகைக்கு ஆள் வந்துவிட்டதாம். எங்களுடையது வெறும் வாய்ப்பேச்சுக் குத்தகை. உழைத்ததற்கு அடையாளமாகக் காட்ட அந்த மண்ணைத் தவிர எங்களிடம் ஒன்றுமில்லை, அதுவும் அவருடையது.

அய்யா வேறொரு மேட்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தார். கிராம சேவக் அங்கேயும் வந்து சணப்பையைப் பற்றிச் சொன்னார். அய்யா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சோளத்தையே விதைத்தார். "உங்களத் திருத்தவே முடியாதுய்யா" என்று அவர் சைக்கிளை மிதித்தார். அந்த மண்ணும் செத்தது. சாகட்டும் என்றுதான் அய்யா கடைசிவரை உழுதார்.

நிலத்துக்காரர் வந்துபோன அன்று, அய்யாவைப் பாராட்டியதைச் சொல்ல நான்தான் வீட்டுக்கு ஓடினேன். அம்மா களையெடுத்த கூலிக்கு வந்த சோளத்தைக் குத்திக்கொண்டிருந்தாள்.

"மண்ணக் கையில எடுத்துப் பாத்தாரா?" என்றாள்.

"மோந்துகூடப் பாத்தாரும்மா!"

அம்மா உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சந்தோஷம் தாங்காமல்தான் உட்கார்ந்துவிட்டாள் என்று எண்ணி, நானும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தேன்.